அருவி முன் திணறும் என்கோடர்

ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லிலிருந்தும், திருவிழா நாட்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதக் கூத்து மேடைகளிலிருந்தும் நேரலை செய்யும் இளைஞர்கள் இன்று பலர். பெங்களூருவில் பிழைப்புக்காகத் தங்கிவிட்ட உறவினர்களுக்கு அந்த நேரலைதான் திருவிழா. ஆனால் திரையின் நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கினால், ‘நெட் சரியில்லை’ என்று முடிவுகட்டி, உடனே பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை, குறைத்துவிடுகிறார்கள். கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் செய்யும் இந்த வைத்தியம் சில சமயம் அதை இன்னும் மோசமாக்கிவிடுகிறது.

1080பி அளவில் ஒரு ஃபிரேமில் (வீடியோவின் ஒரு தனிப் படத்தில்) 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாத நிற விவரங்களைக் குறைத்த பிறகும் புள்ளிக்கு 12 பிட் வேண்டும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஏறத்தாழ 75 கோடி பிட் சேரும். நேரலைக்கு நாம் ஒதுக்குவதோ 45 லட்சம் பிட், அதாவது 4500 கேபிபிஎஸ் (நொடிக்கு கிலோபிட்). 160 மடங்குக்கு மேல் சுருக்கும் இந்த வேலையை, 2003-இல் தரப்படுத்தப்பட்டு இன்றும் பரவலாகப் பயன்படும் எச்.264 முறை, அடுத்தடுத்த ஃபிரேம்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதை நம்பியே செய்கிறது. சில நொடிகளுக்கு ஒருமுறை கீஃபிரேம் எனப்படும் முழுப் படத்தை அனுப்பிவிட்டு, இடைப்பட்ட ஃபிரேம்களில் எந்தப் பகுதி எங்கே நகர்ந்தது, எது புதிதாக வந்தது என்பதை மட்டுமே, வீடியோவைச் சுருக்கும் பகுதியான என்கோடர் எழுதி அனுப்புகிறது.

கூத்து மேடைக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தும். கிரீடமும் புஜகீர்த்தியும் குலுங்க அர்ச்சுனன் வேடக்காரர் சுழன்று ஆடினாலும், பின்திரை அசையாமல் நிற்பதால் குறைந்த பிட்ரேட்டிலேயே படம் தெளிவாக வரும். அதே கேமராவை, காவிரியில் நீர்வரத்து கூடிய நாளில், ஒகேனக்கல் ஐந்தருவியின் முன் வைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. நுரையும் சாரலும் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிது என்பதால், முந்தைய படத்தில் இதைப் போன்ற பகுதி எங்கே என்ற தேடலுக்கு என்கோடருக்கு விடையே கிடைப்பதில்லை. ஒதுக்கிய பிட் அளவைத் தாண்டவும் வழியில்லாமல், அது நுணுக்கங்களைக் கைவிடுகிறது. திரையை உற்றுப் பார்த்தால் பாறையின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அதை ஒட்டி விழும் நீர் மட்டும் சதுரம் சதுரமாகச் சிதைந்திருக்கும். கீஃபிரேம் வரும்போதெல்லாம் படம் ஒருமுறை துடித்துத் தெளிந்து மறுபடியும் மங்கும். இதற்கும் நெட்டுக்கும் தொடர்பில்லை. இங்கே பிட்ரேட்டைக் குறைத்தால் சிதைவு கூடத்தான் செய்யும். மாறாக, 720பி-க்கு இறங்கினால் புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்து, அதே பிட்ரேட் போதுமானதாகிவிடும். இரவுக் கூத்தில் வெளிச்சம் போதாமல் கேமரா ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) கூட்டும்போது எழும் புள்ளி இரைச்சலும் என்கோடரை இவ்வாறே திணறடிக்கும் என்பதால், மேடைக்கு இன்னொரு ஃபோகஸ் லைட் போடுவதும் என்கோடருக்குச் செய்யும் உதவிதான்.

படம் சிதையாமல் விட்டுவிட்டு ஓடினால், நேரலை மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவின் ஸ்டாட்ஸ் பலகத்தைத் திறந்து, விடுபட்ட ஃபிரேம்களின் மூன்று எண்ணிக்கைகளில் எது ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றையும் சுமார் 33 மில்லிநொடிக்குள் முடித்தாக வேண்டும். முடியாதபோது என்கோடிங் தாமதத்தின் எண்ணிக்கை ஏறும். கோடைப் பகலில் தகரக் கொட்டகைக்குள் சூடேறிய லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்போதும் இதுதான் நேர்கிறது. இதற்குப் பிட்ரேட்டைக் குறைப்பது பெரிதாக உதவாது. எச்.264 முறையில் சுருக்கும் எக்ஸ்264 என்கோடர் மென்பொருளின் ப்ரீசெட்டை (வேக அமைப்பை) ‘வெரிஃபாஸ்ட்’டிலிருந்து ‘சூப்பர்ஃபாஸ்ட்’டுக்கு மாற்றுவதோ, கிராபிக்ஸ் சிப்பிலுள்ள என்கோடரிடம் வேலையை ஒப்படைப்பதோதான் பயன் தரும். காட்சியை உருவாக்கும் ரெண்டரிங் தாமதத்தின் எண்ணிக்கை ஏறினால் கிராபிக்ஸ் சிப்புக்கே சுமை அதிகம் என்று பொருள்.

நெட்வொர்க்கால் கைவிடப்பட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை ஏறினால் மட்டுமே குற்றம் இணைப்பினுடையது. நேரலைக்கு வேண்டியது அப்லோட் வேகம். டவர் பல வாட் ஆற்றலில் ஒலிபரப்பும்போது, கைப்பேசியின் 4ஜி சிக்னலுக்கு உச்ச ஆற்றல் பொதுவாக 0.2 வாட்தான், பென்னாகரத்துக்கு அப்பால் மலை மறைக்கும் இடங்களில் வீடியோ பார்க்க முடிந்தும் அனுப்ப முடியாமல் போவதற்கு இது முக்கியக் காரணம். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அந்தக் குறுகிய வழியையும் பலர் பங்கிடுகிறார்கள். நேரலையை சர்வருக்கு அனுப்பப் பரவலாகப் பயன்படும் ஆர்டிஎம்பி முறை, தரவு வரிசை தவறாமல் சேர்வதை உறுதிசெய்யும் டிசிபி வழியாகச் செல்வதால், தொலைந்த ஒரு பாக்கெட் (சிறு தரவுத் துண்டு) மறுபடி வந்துசேரும்வரை அதன் பின்னால் வந்தவை எல்லாம் காத்துக்கிடக்கும். எனவே, சோதனையில் கிடைத்த மிகக் குறைந்த அப்லோட் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிட்ரேட்டை வைக்காமல் இருப்பது நல்லது. கோயில் அலுவலகத்தில் பிராட்பேண்ட் இருந்தால், வைஃபையை நம்பாமல் லேன் கேபிளையே இழுத்துவிடலாம்.

ஸ்டாட்ஸ் பலகத்தின் மூன்று எண்ணிக்கைகளும் பூஜ்யமாக இருந்தும் பார்வையாளர்கள் குறை சொன்னால், கீஃபிரேம் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் சர்வர் வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி வழங்குகிறது. வெட்டு கீஃபிரேமில்தான் விழ முடியும். எக்ஸ்264 தன் போக்கில் 250 ஃபிரேமுக்கு ஒன்று என விட்டால் இடைவெளி 8 நொடியைத் தாண்டிவிடும். துண்டுகள் நீண்டு, பலவீனமான இணைப்பில் இருப்பவர் அடுத்த துண்டுக்காகக் காத்திருக்க நேரிடும். 2 நொடி என்று நாமே குறித்துவிடுவது நல்லது.

இந்தச் சோதனைகளை வீட்டில் வெறும் சுவரைப் படம்பிடித்துச் செய்வதில் பயனில்லை. கூட்டம் சேர்ந்த நேரத்தில், அருவி முன்போ ஆட்டத்தின் முன்போதான் செய்ய வேண்டும். அப்போது, நேரலைக்கு உரிய அதே என்கோடரிலிருந்து லேப்டாப்பிலும் ஒரு பதிவு எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு சீராக ஓடி நேரலை மட்டும் தடைபட்டால், லேப்டாப்பில் கைவைக்காமல் இணைப்பைப் பாருங்கள். பதிவே விக்கினால், எந்த சிம் கார்டை மாற்றினாலும் அது சரியாகாது.