குடும்பத்துக்கு அலுமினியப் படகு வாங்குகிறீர்களா? அகலத்தை முதலில் பாருங்கள்

அலுமினியப் படகுகளைப் பழுது பார்ப்பதும், பழைய படகு வாங்குவோருக்கு அதைச் சோதித்துச் சொல்வதும் என் தொழில். குடும்பத்தோடு மீன்பிடிக்கப் போக எந்தப் படகு நல்லது என்று கேட்டு வருபவர்கள், நீளத்தையும் இன்ஜினின் குதிரைத்திறனையும் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். யார் யார் ஏறப் போகிறார்கள் என்று நான் கேட்பேன். தனியாகத் தூண்டில் போடுகிறவர் ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளால் அது முடியாது. ஒரு மீன் மாட்டினால் போதும், எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். படகு அந்த நொடியைத் தாங்க வேண்டும்.

தாங்க வைப்பது அகலம். நீளம் கூடும்போது, சாய்வை எதிர்க்கும் திறன் அதே விகிதத்தில்தான் கூடுகிறது. அகலம் கூடினாலோ மும்மடி கணக்கில் (அகலம் × அகலம் × அகலம்) கூடுகிறது. நீளம் ஒன்றேயான இரண்டு படகுகளில் ஒன்று 1.2 மீட்டர் அகலம், மற்றது 1.5 மீட்டர் என்றால், இரண்டாவது வடிவத்தாலேயே ஏறக்குறைய இருமடங்கு உறுதியாக நிற்கும். விலைப்பட்டியலில் பெரும்பாலும் மேல்விளிம்பின் அகலத்தைத்தான் போடுவார்கள். அடிப்பாகத்தின் அகலத்தையும் கேளுங்கள்.

தட்டை அடிப் படகு ஆழமில்லாத நீரில் சுலபமாகப் போகும், நின்ற இடத்தில் ஆடாது. காற்று கிளம்பிச் சிற்றலை எழுந்தால் அதே தட்டை அடி ஒவ்வோர் அலையிலும் மொத்தென்று மோதும். பக்கச் சுவர் தாழ்வானதென்றால் தண்ணீர் உள்ளேயும் வரும். வி வடிவ அடி அலையைக் கிழித்துப் போகும், ஆனால் நிற்கும்போது கொஞ்சம் ஆடும். சின்னக் குளம், ஓடாத நீர் என்றால் தட்டையே போதும். திறந்த பெரிய ஏரிக்குக் குழந்தைகளை அழைத்துப் போவதாக இருந்தால், முன்பக்கம் வி வடிவமாகவும் பின்பக்கம் ஓரளவு தட்டையாகவும் இருக்கிற, சுவர் உயர்ந்த படகைத்தான் நான் சொல்வேன்.

படகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைத்திறன் வரை என்பது அதில் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி 'டி' வகை என்று குறித்த படகு, சுமார் 0.3 மீட்டர் அலைக்கும், பியூஃபோர்ட் காற்று அளவுகோலில் நான்காம் விசை வரையான மிதமான காற்றுக்கும் மட்டுமே ஆனது. தகட்டில் சொன்ன ஆள் எண்ணிக்கை நல்ல வானிலைக்கு உரியது என்பதால், ஒருவரைக் குறைத்து ஏற்றுவதே எனக்குச் சம்மதம். பிள்ளைகளின் லைஃப் ஜாக்கெட் அவரவர் எடைக்குச் சரியாக இருக்க வேண்டும். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டி விடாதீர்கள், தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்றுவிடும்.

ரிவெட் அடித்ததா, வெல்டிங் செய்ததா என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். ரிவெட் படகு பொதுவாக இலேசானது, விலையும் குறைவு. நாளடைவில் ரிவெட் தளர்ந்து கசியும், ஆனால் சரிசெய்துவிடலாம். வெல்டிங் படகு விறைப்பானது, விரிசல் விட்டால் அலுமினியம் வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும்.

பழைய படகில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இருக்கைக்கும் தளத்துக்கும் அடியில் இருக்கும் ஃபோம். படகுக்குள் நீர் நிரம்பினாலும் அதை மிதக்க வைப்பது அதுதான். ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் அதுவே தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. படகை எடை போட்டு, தயாரிப்பாளர் சொன்ன எடையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் அதிகமாக இருந்தால் தளத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள்.

டிரெய்லரில் இருக்கும்போதே உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே சொட்டுகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். இன்ஜின் மாட்டும் பின்பலகையையும் அசைத்துப் பாருங்கள். உள்ளே மரம் உளுத்திருந்தால் அது வளையும். மாற்றுகிறவர்கள் செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய மரத்தை வைத்துவிடக் கூடாது. ஈரத்தோடு சேர்ந்தால் செம்பு அலுமினியத்தை அரித்துக் குழி விழச் செய்யும். செம்பு கலந்த பாசித் தடுப்பு பெயிண்டும் அப்படித்தான்.