சிலந்தியின் மேல் விழுந்த பழி

வடசென்னை கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சமையலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தியைப் பார்த்தாராம். இரண்டு நாள் கழித்து மகனின் கழுத்தில் நீளமாக ஒரு சிவந்த கோடு, அதன் மேல் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள், தாங்க முடியாத எரிச்சல். "இது விஷச் சிலந்திதானே? வீடு முழுக்க மருந்தடித்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

மருந்தடிக்க வேண்டாம். அவர் பார்த்தது வேட்டைச் சிலந்தி. அறிவியல் பெயர் ஹெட்டெரோபோடா வெனடோரியா. வலை பின்னாது. உடம்பு தட்டை என்பதால் பகலெல்லாம் காலண்டருக்குப் பின்னாலும் மீட்டர் பெட்டியின் இடுக்கிலும் ஒட்டிக் கிடந்துவிட்டு, இரவில் கரப்பான் பூச்சி பிடிக்கக் கிளம்பும். பெண் சிலந்தி வயிற்றுக்கு அடியில் வெள்ளை வில்லை ஒன்றைச் சுமந்துகொண்டு திரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது முட்டைப் பை. கையில் சிக்கி நசுங்கினால் கடிக்கும், வலிக்கும், கொஞ்சம் வீங்கும், தானாக அடங்கும். மூலையில் ஒட்டடை கட்டும் நெட்டைக்கால் சிலந்தியும், ஜன்னலோரம் தாவித் தாவி ஈ பிடிக்கும் குட்டிச் சிலந்தியும் இதைவிடப் பரம சாது.

விஷம் ஏறக்குறைய எல்லாச் சிலந்திக்கும் உண்டு. விவரிக்கப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022இல் 50,000ஐத் தாண்டியது. அவற்றில் மனிதருக்கு ஆபத்தானவை மிகச் சில. மற்றவற்றின் விஷம் பூச்சிகளை வீழ்த்துவதற்கென்றே உருவானது. பலவற்றின் பல் நம் தோலுக்குள் இறங்குவதுகூட இல்லை.

சரி, பையனின் கழுத்தில் கோடு போட்டது யார்? கோடு என்பதுதான் துப்பு. சிலந்தி கடித்தால் ஒரே இடத்தில் கடிக்கும். வலியும் பெரும்பாலும் அப்போதே தெரியும். நாள் கழித்துக் கோடாகக் கொப்பளிப்பது பீடெரஸ் என்ற வண்டின் வேலை. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான உடம்பு. தலை கறுப்பு, கழுத்து ஆரஞ்சு, முதுகில் பளபளக்கும் நீலத்தில் குட்டை இறக்கை மூடி, பிறகு மறுபடி ஆரஞ்சு, வால் நுனி கறுப்பு. அவசரத்தில் பார்த்தால் எறும்பென்றே தோன்றும். ஈர மண்ணில் வாழும் இது, மழைக்காலத்தில் டியூப்லைட் வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள் வரும். இது கடிக்காது, கொட்டவும் செய்யாது. கழுத்தில் ஊரும்போது தூக்கக் கலக்கத்தில் தேய்த்துவிடுகிறோம். அது நசுங்கி, உடல்நீர் கை இழுத்த திசையில் கோடாகப் பரவுகிறது. முழங்கை மடிப்பில் பட்டால், கையை மடக்கும்போது எதிர்ப்பக்கத்திலும் அதே வடிவில் இரட்டைப் புண் வரும்.

அந்த நீரில் இருப்பது பெடரின். எனக்கு அலுக்காத மூலக்கூறு இது. செல்லுக்குள் புரதம் தயாராகும் இடம் ரைபோசோம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பெடரின் குடும்பத்து மூலக்கூறுகள், புரதத்துக்கான மூலப்பொருளைச் சுமந்து வந்து வேலை முடித்த கடத்தி ஆர்.என்.ஏ. வெளியேற வேண்டிய வாசலில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. வாசல் அடைபட்டால் உற்பத்தி நின்றது. ஆனால் செல் உடனே சாவதில்லை. கையிருப்பில் உள்ள புரதத்தை வைத்துக் காலம் தள்ளுகிறது. அது தீரத் தீரத் தோலின் மேலடுக்குச் செல்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்கிறது, இடையில் நீர் கோக்கிறது, கொப்புளம் எழும்புகிறது. இதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகிவிடும். அதற்குள் வண்டு தலையணையிலிருந்து உதிர்ந்து குப்பைக்குப் போயிருக்கும். சிலந்தி மட்டும் சுவரிலேயே இருக்கிறது. பழி அதன் மேல் விழுகிறது.

இன்னும் கேளுங்கள். பெடரினை வண்டு தயாரிப்பதில்லை. பெண் வண்டுக்குள் குடியிருக்கும் சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியா தயாரிக்கிறது. அதற்கான மரபணுத் தொகுதியை 2002இல் யோர்ன் பீல் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். கடல் பஞ்சுகளிலும் இதன் நெருங்கிய உறவு மூலக்கூறுகள் கிடைக்கின்றன. வண்டுக்கு எதற்கு இந்த நஞ்சு? தாய் அதை முட்டைகளில் ஏற்றி அனுப்புகிறது. நஞ்சு ஏறிய குஞ்சுப் புழுக்களை ஓநாய்ச் சிலந்திகள் தின்னாமல் ஒதுக்குகின்றன, நஞ்சில்லாதவற்றைத் தின்றுவிடுகின்றன. ஆக, சிலந்தியிடமிருந்து பிள்ளைகளைக் காக்க வண்டு வைத்திருக்கும் ஆயுதம் நம் கழுத்தில் பட்டதற்கு, நாம் சிலந்தியைத் துடைப்பத்தால் அடிக்கிறோம்!

வண்டைப் பார்த்தால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையைக் கண்ணில் வைக்காதீர்கள். இதை அக்கி என்று நினைத்துக் காவி எழுதுவதும், எட்டுக்கால் பூச்சி விஷம் என்று வேப்பிலையால் மந்திரிப்பதும் எங்கள் பக்கம் இன்றும் நடக்கிறது. புண் இரண்டொரு வாரத்தில் தானே ஆறும். பெயர் மந்திரித்தவருக்குப் போகும். அது போகட்டும் என்று விட்டுவிடலாம். உண்மையான அக்கிக்கு முதல் மூன்று நாட்களுக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்குவது நல்லது. காவியை நம்பி அந்த நாட்களைக் கடத்துவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பயப்பட வேண்டிய சிலந்தியே கிடையாதா என்றால், உண்டு. இந்தியாவில் பதிவான பழுப்பு விதவைச் சிலந்தி அவற்றில் ஒன்று. சரக்குகளோடு உலகம் சுற்றிப் பரவிய இனம் இது. துறைமுகமும் கன்டெய்னர் லாரிகளும் உள்ள வடசென்னையில் அதன் முகத்தைத் தெரிந்து வைத்திருப்பது தப்பில்லை. பட்டாணி அளவு வயிறு, அதன் அடியில் ஆரஞ்சு நிற மணற்கடிகாரக் குறி, பட்டை பட்டையான கால்கள், ஒழுங்கற்ற வலை. முட்டைப் பைதான் உறுதியான அடையாளம்: நெருஞ்சிக்காய்போல் சுற்றிலும் முள் முள்ளாக இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்பக்கமும் பூந்தொட்டி விளிம்பும் இதற்குப் பிடித்த இடங்கள்.

விதவைச் சிலந்திகளின் விஷத்திலுள்ள லேட்ரோடாக்சின், நரம்பு முனையில் துளையிட்டு அங்குள்ள வேதித் தூதுவர்களை மொத்தமாகக் கொட்டவைக்கிறது. தசைப்பிடிப்பும் வியர்வையும் அதனால்தான். பழுப்பு இனத்தின் கடி பெரும்பாலும் கடித்த இடத்து வலியோடு நின்றுவிடும். வலி பரவினாலோ வயிறு இறுகினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பாம்புக்கடி மருந்து இதற்கு வேலை செய்யாது. அது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் தயாரானது.

எந்தப் பேட்டையில் எந்தச் சிலந்தி இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலைக்கு இங்கே பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைத்தட்டல், பூதக்கண்ணாடியோடு கழிவறைக் கதவிடுக்கில் குனிந்து நிற்கும் மாணவனுக்குக் கிடைக்காதுதான், உதவித்தொகையாவது கிடைக்கலாம். அதுவரை, கடித்ததை நசுக்கிக் கூழாக்காமல் டம்ளரால் மூடி, செல்போனில் மேலிருந்தும் வயிற்றுப் பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.