ஹைட்ரோலிக் லிஃப்ட்: செடி செய்யும் இறைப்பு

கொழும்பில், அதுவும் பஞ்சிகாவத்தைப் பக்கம், ஹைட்ரோலிக் லிஃப்ட் என்றால் காரைத் தூக்கி நிறுத்தும் சாமான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மருமகள், "மாமா, செடிக்குள்ள எங்கால ஹைட்ரோலிக் லிஃப்ட்?" என்று கேட்டபோது எனக்கும் அந்தப் படம்தான் முதலில் வந்தது.

சொல் கிரேக்கம். 'ஹைடோர்' என்றால் நீர், 'ஔலோஸ்' என்றால் ஊதுகுழல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் க்தெசிபியோஸ் உருவாக்கிய நீர்விசை இசைக்கருவிக்கு 'ஹைட்ரௌலிஸ்' என்று பெயர். பிறப்பில் அது பாட்டுச் சொல். இப்போது கராஜில் குழாய்க்குள் ஓடுவது எண்ணெய்.

செடியின் வேர்கள் இரவில் ஆழத்து நீரைக் காய்ந்த மேல்மண்ணுக்குக் கொண்டுவருவதற்கு, தாவரவியலில் இந்தப் பெயரை வைத்தவர்கள் ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும். ஆண்டு 1987. (இலக்கணக் கால்டுவெல் அல்ல, இவர் வேறு ஆள்.) அமெரிக்காவின் யூட்டாவில், குளிர் பாலை நிலத்தில் வளரும் சேஜ்பிரஷ் புதரில் அதைக் கண்டார்கள். பூக்கடை மரிக்கொழுந்துக்கு அது சொந்தம், ஒரே பேரினம்.

ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெறும் கொழும்பில் இருந்துகொண்டு அந்தப் புதரின் தாகத்தை நினைப்பது கஷ்டம். 250 மில்லிமீற்றருக்குக் குறைந்தாலே பாலைவனம் என்பது வழக்கமான கணக்கு. யூட்டாவில் குளிர்காலப் பனி உருகி ஆழ்மண்ணுக்குள் இறங்கும். கோடையில் பெய்யும் சிறுமழை மேல்மண்ணை மட்டும் நனைத்துவிட்டுக் காய்ந்துபோகும். அதனால் புதருக்கு மேலேயும் வேர், ஆழத்திலும் வேர். பகலில் இலைகளின் ஆவியுயிர்ப்பு நீரை மேலே இழுக்கிறது. இரவில் இலைவாய்கள் (இலையின் நுண்துளைகள்) மூடியதும் அந்த இழுவை தளர்கிறது. அப்போது காய்ந்த மேல்மண்ணின் இழுவை ஓங்கி, ஆழவேர் எடுத்த நீர் மேல்வேர் வழியாக மண்ணுக்குள் கசிகிறது. அடுத்த நாள் புதர் அதையே திரும்பக் குடிக்கும். பக்கத்துப் புல்லும் குடிக்கும்! அடையாளத்துக்குக் கனநீரை (கனமான ஹைட்ரஜன் உள்ள நீரை) ஆழவேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அது அயலிலிருந்த புல்லில் வந்து நின்றது. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிந்த கதைதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நீரழுத்த உயர்த்தி' என்றால் மறுபடி கராஜுக்கே போய்விடுவோம். அதோடு, இங்கே கீழிருந்து எதுவும் தள்ளுவதில்லை, காய்ந்த மண் இழுக்கிறது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: இறைப்பு. ஒருவர் துலா என்ற ஏற்றமரத்தை மிதிக்க, ஒருவர் நீர் அள்ளும் பட்டையைப் பிடிக்க, கிணற்று நீர் வாய்க்காலால் பாத்திக்குப் போகும். பிறகு வந்த மெஷினுக்கும் அதே பெயர்தான் ஒட்டிக்கொண்டது. 'இறை' என்ற வினைக்கு நீரை மேலே எடுப்பதும் பொருள், சிதறிப் பரப்புவதும் பொருள். காசை வாரி இறைப்பதும் இந்த இறைதான். புதர் செய்வதும் இந்த இரண்டையும்தானே? ஆகவே என் தெரிவு 'வேரிறைப்பு'.

ஒரு சிக்கல் உண்டு. நல்ல மழை பெய்து மேல்மண் நனைந்து ஆழம் காய்ந்திருந்தால், நீர் அதே வேர்களால் கீழே போகும். ஆவியாகித் தொலையமுதல் ஆழத்தில் சேமிப்பாகிவிடும். நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்திலும், கென்யாவில், இப்படிக் கீழ்நோக்கிய ஓட்டத்தை அளந்து 1998இல் எழுதினார்கள். கீழே போவதை 'லிஃப்ட்' என்று எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் பெயரையே மாற்றி, இரண்டு திசைக்கும் பொதுவாக 'ஹைட்ரோலிக் ரீடிஸ்ட்ரிபியூஷன்' என்று வைத்தார்கள். நமக்கு அதற்கு 'நீர் மீள்பரம்பல்' சரிவரும். குடிப்பரம்பல் படித்த பிள்ளைகளுக்குப் 'பரம்பல்' புதிதல்ல. மேலே வருவதை மட்டும் சொல்லும்போது வேரிறைப்பு என்றே எழுதலாம். பரீட்சைத் தாளில் வேண்டாம், அங்கே புத்தகத்தில் உள்ளதையே எழுது என்று மருமகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.