ஓபி முடிகிற நேரத்தில் வருபவர்கள்

நோயாளிகள் எல்லாம் போய், நர்ஸ் கதவைச் சாத்தப் போகும் நேரத்தில்தான் மருத்துவ மாணவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஓபி சீட்டு போட்டிருக்க மாட்டார்கள். "மேடம், ரெண்டு நாளா தலைவலி" என்று ஆரம்பிப்பார்கள். தலைவலிக்கு மனநலப் பிரிவுக்கு ஏன் வந்தாய் என்று நான் கேட்பதில்லை.

அப்படி ஒரு முதலாண்டுப் பையன் வந்தான் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). தமிழ்வழியில் படித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சீட் வாங்கியவன். அனாடமி (உடற்கூறியல்) இன்டர்னல் பரீட்சையில் இரண்டு முறை பெயில். முதலாண்டுப் பரீட்சைக்கு மொத்தம் நான்கு வாய்ப்புதான் என்ற விதி வேறு தூக்கத்தைக் கெடுத்தது. பையிலிருந்து, சீனியரிடம் விலைக்கு வாங்கிய ஹ்யூமரஸ் என்னும் மேல்கை எலும்பை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இதைக் கையில எடுத்தாலே தொண்டை அடைச்சுக்குது மேடம்."

"சரிப்பா, இந்த இடத்துல எந்த நரம்பு போகுது? தமிழ்லயே சொல்லு."

பின்பக்கப் பள்ளத்தில் விரலை ஓட்டிக்கொண்டே ரேடியல் நரம்பில் ஆரம்பித்து, கூடவே போகும் ரத்தக்குழாய், அங்கே அடிபட்டால் மணிக்கட்டு தொங்கிப்போவது வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். பாடம் தெரியாத பையன் இல்லை. வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் ஆங்கிலத்தில் முதல் வாக்கியம் வருவதற்குள் நெஞ்சு படபடத்து, நாக்கு உலர்ந்து, மற்றதெல்லாம் மறந்துவிடுகிறது. அதைச் சரிக்கட்ட ராத்திரி மூன்று மணிவரை டீயைக் குடித்துக் குடித்துப் படித்திருக்கிறான். படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் ஆகும்.

வைவாவுக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு சீனியர், படபடப்பைக் குறைக்கும் ப்ராப்ரனலால் மாத்திரை கொடுத்திருக்கிறார். ஹாஸ்டல்களில் இது சர்வசாதாரணம். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கி ஆபத்தில் விடும். நல்லவேளை, இன்னும் போடவில்லை.

மாணவர்கள் ஏன் ஒளிந்து ஒளிந்து வருகிறார்கள்? வேறொன்றும் இல்லை, நாளைக்கு அவர்களுக்கு மார்க் போடப் போவதும் நான்தான். நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. பரீட்சையில் கேட்டால் அழகாக எழுதுவார்கள். அது தங்களுக்கும் பொருந்தும் என்று மட்டும் நம்பமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஸ்டாஃப் ரூமில் மாணவர்களைப் பற்றி நாம் பேசுவது அப்படி. அட்டெண்டன்ஸ் எடுத்து ஆடிட்டோரியத்தில் உட்காரவைத்து நடத்தும் மன அழுத்த வகுப்புகளால் இது மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. சொந்தக் கல்லூரியில் பேசத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது. எந்த நேரமும் தமிழில் பேசலாம். செத்துப்போகலாம் என்று ஒரு தடவை தோன்றினாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். ரூம்மேட் மெஸ்ஸுக்கு வருவதையே நிறுத்திவிட்டால், என்னவென்று நீங்களாகவே போய்க் கேளுங்கள்.

அவனுக்கு நான் மாத்திரை எதுவும் எழுதவில்லை. ராத்திரி பன்னிரண்டுக்குள் படுக்கை, வாரம் இரண்டு நாள் என் மேசையில் பொய் வைவா. நான் எக்ஸாமினர். முதல் வாரம் தமிழில், அப்புறம் கலந்து, பிறகு ஆங்கிலத்தில். மூன்றாவது வாரம் ஓபி சீட்டு போட்டுக்கொண்டு, காலை ஒன்பது மணிக்கே வரிசையில் உட்கார்ந்திருந்தான்.