சட்டையைப் பிடித்தாலும் தாக்குதல்தான்

போலீஸ் மேல் கை வைத்த வழக்கு, இந்த மாதத்தில் இது மூன்றாவது. சனிக்கிழமை ராத்திரி என் வக்கீல் ஆபீஸைப் பூட்டும் நேரத்தில் ஓர் அம்மா வந்தார். பையன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். ஹெல்மெட் இல்லாமல் போனவனை எஸ்.ஐ. நிறுத்தி, வண்டிச் சாவியை உருவியிருக்கிறார். பையன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். பறிமுதல் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு பொருள்: காக்கிச் சட்டைப் பொத்தான், ஒன்று.

"அடிக்கவே இல்லைங்க சார், சட்டையைத்தானே பிடிச்சான்."

இந்தத் 'தானே'வைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. தயவுசெய்து ஒருமுறை கவனமாகப் படியுங்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 132, அதாவது பழைய ஐ.பி.சி. 353, காயத்தைக் கேட்பதே இல்லை. கடமையில் இருக்கும் அரசு ஊழியர் மேல் பலத்தைப் பிரயோகித்தால் போதும். உடம்பில்தான் கை பட வேண்டும் என்றும் இல்லை. அவர் உடுத்தியிருப்பதில், கையில் வைத்திருப்பதில் பட்டாலும் அது பலப்பிரயோகம் என்கிறது 128. சட்டை, தொப்பி, லத்தி, சலான் மெஷின் எல்லாம் இதில் அடக்கம். தொடாமலே மாட்டிக்கொள்ளவும் வழி உண்டு. முஷ்டியை ஓங்கினாலே 130-இன்படி தாக்குதல் ஆகிவிடும். தண்டனை 2 ஆண்டு வரை. ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது.

எஸ்.ஐ. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், ஏ.ஆர். காப்பியில் (காயங்களைக் குறிக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல்) 'முழங்கையில் சிராய்ப்பு' என்று ஒரு வரி வாங்கிவிட்டால் கதை 121(1)-க்குத் தாவும். பழைய சட்டத்தில் 3 ஆண்டாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் 5 ஆண்டு வரை. எலும்பு முறிந்தால் 121(2): குறைந்தது 1 ஆண்டு, அதிகம் 10.

சாவியைப் பிடுங்கியது சரியா? அது தனிக் கேள்வி, தனியாகச் சண்டை போடலாம். ஆனால் அதிகாரி நல்லெண்ணத்தோடு பதவியின் பெயரில் செய்தது சட்டப்படி முழுக்கச் சரியில்லை என்றாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ பயம் இல்லாதவரை தற்காப்பு உரிமை இல்லை என்கிறது 37.

போலீஸும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வாக்குவாதம் என்றாலே ஆபாசப் பேச்சுக்கு 296(b), தாக்குதலுக்கு 132, கொலை மிரட்டலுக்கு 351(3) என்று உப்பு, புளி, மிளகாய் மாதிரி சேர்த்துப் போடுகிறார்கள். வெறும் வார்த்தை தாக்குதல் ஆகாது. பெங்களூரு போக்குவரத்துப் போலீஸின் ஃபேஸ்புக் பக்கத்தில் விமர்சித்து எழுதியதற்காகப் போட்ட 353 வழக்கை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 132-க்குக் கைது கட்டாயமும் இல்லை; நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன்படி, விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து அனுப்பலாம். அனுப்புகிறார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டா வாபஸ் வாங்கிடுவாருல்ல?" என்றார் அந்த அம்மா. முடியாதம்மா. இது சமரசம் செய்துகொள்ளும் வழக்குப் பட்டியலிலேயே இல்லை. ரத்து செய்ய ஹைகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதுவரை பாஸ்போர்ட், அரசு வேலை எல்லாவற்றுக்கும் போலீஸ் வெரிஃபிகேஷனில் இந்த எஃப்.ஐ.ஆர். வந்து நிற்கும். ஹெல்மெட் அபராதம் வெறும் 1,000 ரூபாய்.

நிறுத்தினால் நிறுத்துங்கள். கையை ஹேண்டில்பாரில் வையுங்கள், அவர் பக்கம் நீட்டாதீர்கள். சலான் தப்பென்றால் கட்டாதீர்கள், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். பெயர்ப் பட்டையைப் படித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூட இருக்கும் நண்பர்களே, வீடியோ எடுக்கிறேன் பேர்வழி என்று "விடாதடா மச்சி" எனக் கத்தாதீர்கள். அந்தக் குரலும் கோர்ட்டில் ஓடும். மறுநாள் டீக்கடையில் மஃப்டியில் இருப்பவரைப் பிடித்துக் கணக்குத் தீர்க்கவும் போகாதீர்கள். முந்தின நாள் அவர் செய்த கடமைக்காகத் தொட்டாலும் அதே பிரிவுதான்.

உங்களை அடித்திருந்தால், ரிமாண்டுக்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் டாக்டரிடம் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட்டும் கேட்பார். போலீஸ் பக்கத்தில் நிற்கிறதே என்று தலையை ஆட்டிவிட்டு வந்து, ஒரு வாரம் கழித்து என்னிடம் சொல்லாதீர்கள்.