கன்று வைப்பதற்கு முன் வாய்க்காலைப் பாருங்கள்

"ஐயா, ஞாயிற்றுக்கிழமை ஐந்நூறு கன்றுகளோடு வருகிறோம். இடம் மட்டும் காட்டுங்கள்." 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு இப்படி அழைப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நல்ல மனம்தான். ஆனால் முத்துப்பேட்டையில் கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டில் மீட்புப் பணி பார்ப்பவன் என்ற முறையில், நான் அவர்களிடம் முதலில் கேட்பது மண்வெட்டியைத்தான்.

ஜாம்பவானோடையில் படகு ஏறினால் இரு கரையிலும் காடு பச்சை மதிலாக நிற்கும். மதிலுக்குப் பின்னால் இறங்கி நடந்து பாருங்கள். ஆங்காங்கே மரமே இல்லாத பொட்டல். கோடையில் உப்புப் பூத்து, மிதித்தால் அப்பளம்போல நொறுங்கும். அதுவும் ஒரு காலத்தில் காடுதான். 1970கள் வரை கூப்பு விட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மொத்தமாக வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து அமுங்கி, தரை தாம்பாளம்போலக் குழிந்தது. ஓதத்தில், அதாவது கடல் பொங்கும்போது, ஏறிய தண்ணீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுவிட்டது. ஆண்டுக்கணக்கில் இதுவே நடந்தது. கடல்நீரை மிஞ்சிக் கரிக்கும் அந்த மண்ணில் எந்த விதை பிழைக்கும்?

1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களோடு சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். மீன்முள்போல வாய்க்கால் வெட்டினார்கள். ஓடையிலிருந்து நடுமுள்ளாக ஒன்று, அதிலிருந்து சாய்வாகப் பிரியும் பக்கமுட்கள் பல. ஓதம் ஏறி இறங்க, உப்புக் கழுவப்பட்டது. விதையை வாய்க்காலின் சரிவில் ஊன்றினார்கள். மேலே ஊன்றினால் காயும். அடியில் ஊன்றினால் மூழ்கும்.

வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையில் அடிப்புறத்தை நாக்கில் வைத்தால் கரிக்கும். குடித்த உப்பை மரமே வெளியேற்றுகிறது. அதனால் எவ்வளவு உப்பையும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கோரையாறும் பாமணியாறும் கொண்டுவரும் நல்ல தண்ணீர் கலந்தால்தான் இந்தக் காடு தழைக்கும், இறால் குஞ்சு வளரும். கடைமடை தாண்டி வரும் மழைநீரை 'வீணாகக் கடலில் கலக்கிறது' என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் வலிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு உப்புத்தரையில் வரிசை பிடித்து நட்டது. மூன்றாம் மாதம் போனபோது மூங்கில் குச்சிகள்தான் நின்றன. கன்று வந்த பாலித்தீன் பைகள், காற்றுக்காகச் சேற்றுக்கு மேலே நீண்டிருந்த மூச்சுவேர்களைப் போர்த்திக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்தோம். சற்றுத் தள்ளி, தூர்ந்துபோன கிளை வாய்க்கால் ஒன்றை மீனவர்கள் வாரிவிட்டிருந்தார்கள். அதன் சரிவில், யாரும் நடாமலே, ஓதம் கொண்டுவந்த விதைகள் முளைத்திருந்தன. குனிந்து பார்த்தேன். விதையின் இரண்டு தடித்த பருப்புகள் இன்னும் உதிரவில்லை. நடுவில் பளபளவென்று இரண்டு இலைகள்.

இது காப்புக்காடு, வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி வாங்குங்கள், கன்றுக்காகத் திரட்டிய பணத்தைத் தூர்வாரும் கூலிக்குக் கொடுங்கள். சேற்றில் இறங்கத் தயார் என்றால் நீங்களும் வாருங்கள்.