பிக்கப்புக்கு எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா?

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் சாலையில் பண்ணாரியைத் தாண்டியதும் திம்பம் ஏற்றம் தொடங்கிவிடும். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் வீட்டு டீசல் பிக்கப் உர மூட்டைகளோடு தாளவாடிக்கு ஏறும்போதெல்லாம் அப்பாவின் ஒரு கண் சாலையிலும் இன்னொரு கண் டெம்பரேச்சர் முள்ளிலும்தான் இருக்கும். அந்த வண்டியில் ரேடியேட்டருக்குக் காற்று இழுக்க எஞ்சினோடு சேர்ந்தே சுற்றிக்கொண்டிருந்த பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டினோம். முதல் தடவை தவறாக மாட்டினோம், இரண்டாம் தடவை சரியாக வந்தது. அப்புறம் பிக்கப் வைத்திருப்பவர்கள் மட்டுமில்லை, லாரி வைத்திருப்பவர்களும் "நாங்களும் மாத்திக்கலாமா?" என்று கேட்கிறார்கள். பிக்கப்புக்கு மாற்றலாம், பாரம் ஏற்றும் பெரிய லாரிக்கு வேண்டாம் என்பது என் பதில். இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்.

டீசல் எரிந்து கிடைக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான் எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்கைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. கிட்டத்தட்ட அதே அளவு சைலென்சர் வழியாகச் சூடாக வெளியேறிவிடும். மீதியில் பெரும்பகுதி, எஞ்சினுக்குள் ஓடிச் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் கூலண்டில் இறங்குகிறது. 60 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று முழு இழுவையில் ஓடினால் ரேடியேட்டர் வழியாகச் சுமார் 30 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் பதினைந்தை ஒரே நேரத்தில் போட்டால் வரும் சூடு அது. 35 டிகிரியில் ரேடியேட்டருக்குள் நுழையும் காற்று 65 டிகிரியாகச் சூடேறி வெளியே போகிறது என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் காற்று அதன் வழியாகப் போக வேண்டும்.

சமதளத்தில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும், ஃபேன் தேவையே இல்லை. பிரச்சினை மெதுவாகப் போகும்போதுதான். எங்களுக்கு வேலை பார்த்த மெக்கானிக் இதை ஒரே வரியில் சொன்னார்: "மேட்டுல ஏர்றப்பதான் தம்பி நிறைய காத்து வேணும், அப்பத்தான் வண்டிக்குக் காத்தே கிடைக்காது."

பழைய ஃபேன் வாட்டர் பம்ப் ஷாஃப்டின் முனையில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும். கிராங்கிலிருந்து பெல்ட் வாட்டர் பம்பைச் சுற்றும், அதோடு ஃபேனும் சுற்றும். எஞ்சின் எவ்வளவு வேகமோ, ஃபேனும் அதற்கேற்ற வேகம். கெட்டுப்போக ஒன்றுமில்லை என்பது இதன் பெரிய பலம். ஆனால் காற்று வேண்டிய நேரமும் ஃபேன் வேகமாகச் சுற்றும் நேரமும் ஒத்துப்போவதில்லை. ரயில்வே கேட்டில் ஏ.சி. போட்டுக்கொண்டு நிற்கும்போது காற்று வேண்டும். எஞ்சினோ ஐடிலில் இருக்கும், ஃபேனும் சோம்பலாகச் சுற்றும். பைபாஸில் 80-ல் போகும்போது ஃபேன் வேண்டவே வேண்டாம். அப்போது அது உயிரைக் கொடுத்துச் சுற்றும்.

அப்படிச் சுற்றுவதற்கு ஆகும் செலவுதான் கவனிக்க வேண்டியது. ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் காற்று இரண்டு மடங்காகும். அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தியோ எட்டு மடங்காகும். வேகத்தின் மும்மடி என்பது எல்லா ஃபேனுக்கும் பொதுவான விதி. 2000 சுற்றில் அரை கிலோவாட் வாங்கும் ஃபேன் 4000 சுற்றில் 4 கிலோவாட் வாங்கும். நான்கு கிலோவாட் என்றால் ஐந்து குதிரைத்திறனுக்கு மேல். வயலில் ஒரு மோட்டார் பம்ப்செட் ஓட அது போதும். எதிர்காற்றே போதுமான நேரத்தில் அவ்வளவும் வீணாகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எழும் அந்த 'ஹோ'வென்ற இரைச்சல், நாம் காசு கொடுத்து வாங்கிய டீசலின் சத்தம்.

இதற்கு எலக்ட்ரிக் ஃபேன் வருவதற்கு முன்பே ஒரு நல்ல தீர்வு கண்டுபிடித்திருக்கிறார்கள். அதுதான் விஸ்கஸ் ஃபேன். பல பிக்கப்புகளிலும் லாரிகளிலும் இருப்பது இதுதான். ஃபேனின் நடுவே வரிவரியாக அலுமினியத் தகடுகள் வைத்த ஒரு வட்டமான கூடு இருக்கும். அதன் முகத்தில் கொசுவர்த்திச் சுருள் போல ஒரு சின்ன உலோகச் சுருள். ஒருமுறை கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவு எளிமையான, அவ்வளவு புத்திசாலித்தனமான பொருள். அந்தச் சுருள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. சூடானால் ஒன்று அதிகம் விரியும், மற்றொன்று குறைவாக விரியும், அதனால் சுருள் திருகிக்கொள்ளும். ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்று அதன் மேல் பட்டதும் சுருள் திரும்பி, உள்ளே இருக்கும் ஒரு வால்வைத் திறக்கும். பின்னால் தேங்கியிருக்கும் கெட்டியான சிலிகான் எண்ணெய் இரண்டு தட்டுகளுக்கு நடுவே உள்ள நெருக்கமான வரிப்பள்ளங்களுக்குள் பாயும். ஒரு தட்டு எஞ்சினோடு சேர்ந்தது, இன்னொன்று ஃபேனோடு சேர்ந்தது. நடுவில் எண்ணெய் வந்ததும் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கும். காற்று குளிர்ந்ததும் வால்வு மூடும், எண்ணெய் திரும்பத் தேங்கும் அறைக்குப் போய்விடும், ஃபேன் பாதி வேகத்துக்கும் கீழே வழுக்கிக்கொண்டு சுற்றும். மின்சாரம் இல்லை, ஒயர் இல்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில லாரிகள் ஒரு நிமிடம் பெரிதாக இரைந்துவிட்டு அடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். இரவெல்லாம் எண்ணெய் தட்டுகளுக்கு நடுவே வழிந்து தங்கியிருப்பதால் வரும் சத்தம் அது.

ஆகவே உங்கள் வண்டியில் விஸ்கஸ் ஃபேன் நல்ல நிலையில் இருந்தால், எலக்ட்ரிக்குக்கு மாற்றுவதால் மைலேஜ் பெரிதாக ஏறிவிடும் என்று நம்பி இறங்காதீர்கள். வீணாவதில் பெரும்பகுதியை அது ஏற்கெனவே மிச்சப்படுத்திவிட்டது. அது செத்துப்போயிருந்தால் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சூடாக இருக்கும்போது இலையைக் கையால் சுண்டினால், நன்றாக இருக்கும் ஃபேன் கால் சுற்று, அரைச் சுற்றோடு நின்றுவிடும். தடையே இல்லாமல் பல சுற்று போனாலோ, கூட்டைச் சுற்றி எண்ணெய்க் கசிவும் தூசும் சேர்ந்து கறுத்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. எங்கள் வண்டியில் இருந்தது விஸ்கஸ் இல்லாத, நேராக முறுக்கிய ஃபேன். அதனால்தான் மாற்றியதில் அர்த்தம் இருந்தது.

எலக்ட்ரிக் ஃபேன் எஞ்சின் வேகத்துக்கும் காற்றுக்கும் இருந்த முடிச்சை முழுக்க அவிழ்த்துவிடுகிறது. கூலண்ட் சூடானால் ஓடும், ஆறினால் நிற்கும். எஞ்சின் ஐடிலில் இருந்தாலும் முழு வேகத்தில் காற்று வரும். கார்களில் எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைக்க ஆரம்பித்தபோது ரேடியேட்டரும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் போயின. அதனாலேயே இன்றைய சின்னக் கார்களில் எல்லாம் எலக்ட்ரிக் ஃபேன்தான்.

நாங்கள் செய்த முதல் தவறு, ஃபேனை ரேடியேட்டரின் மேலேயே நேராக வைத்தது. பிளாஸ்டிக் டையை ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவே நுழைத்துக் கட்டும் முறை ஒன்று உண்டு, செலவு குறைவு, அரை மணி நேர வேலை. ஓடும்போது வண்டி அதிர அதிர அந்த டை மெல்லிய குழாயை அறுத்துக்கொண்டே இருக்கும். சில மாதம் கழித்து ஒருநாள் காலையில் டை கட்டிய இடத்தில் பச்சைக் கூலண்ட் மணிமணியாகத் துளிர்த்து நின்றது. அதைவிடப் பெரிய குறை வேறு. ஃபேன் வட்டமானது, ரேடியேட்டர் செவ்வகம். கவுல், அதாவது ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடும் கூடு, இல்லாமல் நேராக வைத்தால் அந்த வட்டத்துக்கு எதிரே இருக்கும் பரப்பின் வழியாக மட்டும்தான் காற்று இழுபடும். நான்கு மூலைகளும் சும்மா சூடாகக் கிடக்கும். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சில அங்குல இடைவெளி விட்டு, சுற்றிலும் தகரக் கவுல் அடித்து மூடினால்தான் முழுப் பரப்பும் வேலை செய்யும். இரண்டாம் தடவை அப்படித்தான் செய்தோம். முள் ஏறுவது அன்றோடு நின்றது. மோட்டார் அதேதான், கவுல் மட்டும்தான் புதிது.

ஆனால் கவுல் முழுக்க மூடியிருந்தால் வேகமாகப் போகும்போது எதிர்காற்று வெளியேற ஃபேனின் வட்டம் ஒன்றுதான் வழி, அது போதாது. அதற்காகக் கவுலில் சில சன்னல்கள் வெட்டி, வெளிப்பக்கம் ரப்பர் மடல் தொங்கவிட வேண்டும். ஃபேன் இழுக்கும்போது மடல் ஒட்டிக்கொள்ளும், எதிர்காற்று தள்ளும்போது திறந்துகொள்ளும். பழைய டியூபை வெட்டியே செய்யலாம்.

ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்து இழுக்க விடுவதுதான் நல்லது. முன்னால் வைத்துத் தள்ள விட்டால், அது நிற்கும் நேரத்தில் எதிர்காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். வாங்கும்போது இழுக்கும் ஃபேனா, தள்ளும் ஃபேனா என்று கேட்டு வாங்குங்கள். ஒயரை மாற்றிக் கொடுத்துத் திருப்பிச் சுற்ற வைத்தால் இலையின் வளைவு ஒத்துவராது, காற்று குறைந்துவிடும்.

ஒயர் விஷயத்தைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். பிக்கப்புக்கு ஏற்ற நல்ல ஃபேன் 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் வாங்கும், ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கிய 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் போக வர 4 மீட்டர் இருந்தால், அதிலேயே கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் வோல்ட் தொலைந்துவிடும். 40 வாட்டுக்கு மேல் ஒயர் சூடாவதற்கே போகும். ஃபேன் மெதுவாகச் சுற்றும், ஒயர் இளகும். 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அந்த இழப்பு கால் வோல்ட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ், நடுவில் ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), எர்த் ஒயரும் அதே தடிமன். டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேராக இந்தக் கரண்ட்டை விடவே கூடாது, தீப்பிடிக்கும்.

எந்தச் சூட்டில் ஃபேன் ஓட வேண்டும் என்பதையும், கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். எங்கள் எஞ்சினில் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும். ஃபேன் 80-ல் நிற்க வேண்டும் என்று வைத்தால் அது நிற்கவே நிற்காது. ஏனென்றால் எஞ்சினை 82-க்குக் கீழே விடாமல் பிடித்து வைப்பதுதானே தெர்மோஸ்டாட்டின் வேலை! நாங்கள் 95-ல் ஓடி 88-ல் நிற்கும்படி வைத்தோம். நடுவில் அந்த ஏழு டிகிரி இடைவெளி இல்லையென்றால் ரிலே டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருந்து கருகிவிடும்.

பழைய ஃபேனைக் கழற்றினாலும் பெல்ட் அப்படியே இருக்க வேண்டும். அதுதான் வாட்டர் பம்பையும், வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது.

எலக்ட்ரிக் ஃபேன் இலவசமாக ஓடுவதில்லை. அதன் மின்சாரமும் டீசலில் இருந்துதான் வருகிறது. 25 ஆம்பியரை 13.5 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 340 வாட். ஆல்டர்னேட்டர் தான் வாங்கும் சக்தியில் பாதிக்குச் சற்று அதிகத்தைத்தான் மின்சாரமாகத் திருப்பித் தரும். ஆக எஞ்சினிலிருந்து போவது 600 வாட், முக்கால் குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேலே. அதுவும் ஓடும் நேரத்துக்கு மட்டும். பிக்கப்புக்கு இது லாபம்.

இதே கணக்கை லாரிக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய லாரியின் ஃபேன் முழு வேகத்தில் 20 கிலோவாட் அளவுக்கு வாங்கும். லாரியின் மின்சாரம் 24 வோல்ட், ஓடும்போது 28. இருபதாயிரத்தை 28-ஆல் வகுத்தால் 700 ஆம்பியருக்கு மேல் வருகிறது. லாரியில் இருக்கும் ஆல்டர்னேட்டர் தருவதோ 100 ஆம்பியர் சுற்றுவட்டாரம். சந்தையில் கிடைக்கும் இரண்டு எலக்ட்ரிக் ஃபேனை லாரியில் மாட்டினால் சமதளத்தில் சமாளிக்கும். திம்பத்தில் பத்தாவது வளைவு வருவதற்குள் முள் சிவப்புக்குப் போய்விடும். ஏற்றத்தில் லாரி கீழ் கியரில் மெதுவாக ஊர்ந்தாலும் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது. பெல்ட்டில் ஓடும் ஃபேனுக்குப் பொருத்தமான ஒரே இடம் அதுதான், லாரி பிழைப்பதும் அந்த இடத்தில்தான். பேட்டரியில் ஓடும் எலக்ட்ரிக் லாரிகளில் கதை வேறு. அங்கே 600 வோல்ட் இருந்தால் அதே 20 கிலோவாட்டுக்கு 33 ஆம்பியர் போதும்.

இப்போது எங்கள் பிக்கப் திம்பம் ஏறி மேலே டீக்கடையில் நின்றதும், அப்பா சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திய பிறகும் ஃபேன் ஒன்றிரண்டு நிமிடம் தனியாக ஓடும். ரிலேயை நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்திருப்பதால்தான். எஞ்சின் நின்றதும் வாட்டர் பம்ப் நின்றுவிடுவதால் கூலண்ட் ஓடாது. ஆனாலும் ரேடியேட்டரிலும் பானெட்டுக்குள்ளும் தேங்கிய சூட்டை அது வாரி வெளியே தள்ளிவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஆம்பியர்-மணிகூடச் செலவாகாது, பேட்டரிக்குக் கவலையில்லை. அந்த நேரத்தில் பானெட்டைத் திறந்து உள்ளே கையை மட்டும் விடாதீர்கள். நின்ற ஃபேன் சூடு ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி சுற்றும். எங்கள் வண்டியில் பானெட்டின் உள்பக்கம் சிவப்புப் பெயிண்டில் அதை எழுதி வைத்திருக்கிறோம்.